கவசக் கேபிள் தேர்வுக் குழு

கலும்பயான் தீவின் துறைமுகத்தில், அலைத்தடுப்புச் சுவரின் கடைசி முனையில், ஒரு அபாயச் சங்கு நிற்கிறது. புயல் செய்தி வந்ததும் மேட்டின் மேலுள்ள கட்டுப்பாட்டு அறையில் டியோடுலோ ஒரு பொத்தானை அழுத்துவார். சங்கு ஊதும், பக்கத்தில் சிவப்பு விளக்கு சுழலும், கடலில் கிடக்கிற படகெல்லாம் கரைக்குத் திரும்பிவிடும். கடலில் கைப்பேசி வேலை செய்யாது என்பதால் எங்கள் மீனவர்களுக்கு இதைவிட்டால் வேறு எச்சரிக்கை கிடையாது.

மேட்டிலிருந்து சுவர் முனை வரை கண்ணாடி இழைக் கேபிள் பூமிக்கடியில் குழாய்க்குள் பத்திரமாக வருகிறது. முனையில் ஒரு இரும்புப் பெட்டி. பெட்டியிலிருந்து சங்குக் கம்பத்துக்குப் போவதற்கு மட்டும் மஞ்சள் நிறத்தில் மெல்லிசாக பேட்ச் கேபிள் என்கிற ஒரு இணைப்புக் கேபிள், ஒரு ஆள் கையை விரித்தால் எட்டுகிற நீளம், வெட்டவெளியில் கிடக்கும். குளிரூட்டிய அறைகளுக்குள் கிடப்பதற்காகச் செய்யப்பட்ட கேபிள் அது. அதை எலி கடித்தது. மீன் கூடை இழுக்கிறவர்கள் மிதித்தார்கள். உப்புத் தண்ணீர் தெறித்தது. வெயிலில் அதன் தோல் பாளம் பாளமாக வெடித்தது. அறுந்தபோதெல்லாம் டியோடுலோ இருப்பிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். ஒரு முறை தன் வீட்டுத் தோட்டத்துக் குழாயை வெட்டி, கேபிளை அதற்குள் நுழைத்துப் பார்த்தார். அது கொஞ்ச காலம் தாங்கியது. அதற்குள் எச்சரிக்கை வாரியத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வந்து, அங்கீகாரம் பெறாத தோட்டச் சாமான் என்று எழுதி, குழாயைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருப்பில் ஒரே ஒரு மஞ்சள் கேபிள் மிச்சமிருந்தபோது டியோடுலோ மாகாணத் தலைநகருக்கு எழுதினார். உள்ளே இரும்புச் சுருள் வைத்த கவசக் கேபிள் என்று ஒன்று விற்கிறார்களாம், அதில் ஒன்று வேண்டும், முனை மட்டும் நம் பெட்டிக்குப் பொருந்தினால் போதும் என்று. அவர் பெரிய படிப்பாளி இல்லை. அமைதியான மனிதர். பொத்தானை அழுத்தினால் சங்கு ஊத வேண்டும் என்பதற்கு மேல் வாழ்க்கையில் அவருக்கு எந்தக் கொள்கையும் கிடையாது.

கேபிள் வரவில்லை. குழு வந்தது.

கடுஞ்சூழல் கவசக் கேபிள் தேர்வுக் குழு என்பது அதன் பெயர். ஆரஞ்சு நிற டீ-சட்டையில் பெயர் முதுகுப்பக்கம் அச்சிடப்பட்டிருந்தது. பெயர் நீளம் என்பதால் ஒல்லியான உறுப்பினர்கள் சிலருக்கு 'கேபிள்' என்ற சொல் அக்குளுக்குள் போய்விட்டது. துறைமுக வாசலில் அலைத்தடுப்புச் சுவரையே மறைக்கும் அளவுக்கு ஒரு பதாகை கட்டினார்கள். அதில் வாரியத்தின் டைரக்டர் ஹெராக்லியோ வில்லாசெனோர் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'கவசக் கேபிளுக்கு நன்றி, டைரக்டர்!' என்று எழுதியிருந்தது.

"இன்னும் கேபிளே வரலியே சார்," என்றார் டியோடுலோ.

"நன்றி முன்னாடியே வந்துட்டா கேபிளுக்கு ஒரு பொறுப்பு வரும்," என்றார் டைரக்டர்.

முதலில் ஜெபம். பிறகு தேசிய கீதம். பிறகு வாரியத்தின் சொந்த கீதம். அதை டைரக்டரின் மைத்துனர் எழுதியிருந்தார். அதன் மூன்றாவது சரணத்தில் புயல் வாரியத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும். அதற்கப்புறம் டைரக்டர் பேசினார்.

"நண்பர்களே, நான் இங்க வர்றதுக்கு முன்னாடி கோழி வளர்ப்பு வாரியத்துல இருந்தேன். என் காலத்துல ஒரு கோழிகூட பட்டினியால சாகலை. எல்லாம் நோய்லதான் செத்துச்சு. அதே அக்கறையை இங்கயும் காட்டுவேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். டியோடுலோவும் தட்டினார். எதற்கென்று தெரியாவிட்டாலும் பக்கத்திலிருப்பவர் தட்டும்போது கையைச் சும்மா வைத்திருக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

குழுவின் சட்ட ஆலோசகர் அட்டர்னி கொன்சோர்சியா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே அதற்கு மேலாக உலகத்தைப் பார்க்கிற அம்மாள். சுற்றுச்சூழல் கடுமையானதுதான் என்று நிரூபணமானால்தான் கவசக் கேபிள் வாங்க முடியும் என்று அவர் ஆரம்பித்தார்.

"எலி கடிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. எலி கடிக்கிறதை நீங்க பாத்தீங்களா?"

"பல்லுத் தடம் இருக்கு மேடம்."

"தடத்தைப் பாத்தீங்க. எலியைப் பாத்தீங்களா?"

"எலியை நிறையப் பாத்திருக்கேன் மேடம். கடிக்கிறப்போ பாக்கலை."

"அப்போ எலின்னு எப்படிச் சொல்றீங்க? கடிச்சது மேயரா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

டியோடுலோ கொஞ்சம் யோசித்தார். "மேயர் அந்தப் பக்கமே வர்றதில்ல மேடம்," என்றார்.

கடுமையை நேரில் அளக்க சுவர் முனைக்குப் போவதென்று முடிவானது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நகராட்சி முந்தின நாளே சுவர் முழுக்க எலி மருந்து வைத்துவிட்டது. மீன் கூடைக்காரர்களை அன்று உள்ளே விடவில்லை. ஈரம் படாமலிருக்கப் பலகை போட்டார்கள். வெயில் படாமலிருக்கப் பந்தல் போட்டார்கள். காற்றுக்கு எதிர்ப்பக்கம் தார்ப்பாய் கட்டினார்கள். ஜெனரேட்டர் வைத்து நான்கு பக்கமும் மின்விசிறி சுழன்றது. குழு நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்தது.

டைரக்டர் சுற்றிப் பார்த்தார். "எனக்கென்னவோ சுகமா இருக்கு," என்றார்.

"எனக்கும் சார்," என்றார் அட்டர்னி. "எலி ஒண்ணுகூட இல்ல. யாரும் மிதிக்கல. ஒரு துளி தண்ணி மேல படல. இதைக் கடுமைன்னு சொன்னா நாளைக்குத் தணிக்கைக்காரன் நம்மளைத்தான் கடிப்பான்."

சூழல் 'இதமானது' என்று பதிவாயிற்று. டியோடுலோவின் மனைவி பசிலிசா துறைமுக வாசலில் கருவாடு விற்பவள். அவள் சத்தமாகவே சொன்னாள்: "பந்தலைப் பிரிச்சிட்டு ஒரு மத்தியானம் அங்க நில்லுங்க சாரே. மண்டைல ஆம்லெட் போடலாம்!" கூட்டம் சிரித்தது. டைரக்டரும் சிரித்தார். அந்தம்மா பேரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

டியோடுலோ மேல்முறையீடு செய்தார். வாரியத்துக்கு மேல்முறையீடு என்றால் உயிர். உடனே அதைத் தலைநகரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கருத்தரங்காக மாற்றி, மூன்று வகைக் கவசக் கேபிள்களை வரவழைத்தார்கள். டியோடுலோவுக்கும் ஒரு ஆரஞ்சு டீ-சட்டை கொடுத்து வரச்சொன்னார்கள்.

கேபிள் கம்பெனியிலிருந்து சிக்ஸ்டோ என்று ஒரு விற்பனையாளர் வந்திருந்தார். பாவம், விற்பனையாளர் என்றாலும் உண்மை பேசுகிறவர்.

"சார், ரொம்ப சிம்பிள். மூணுலயும் உள்ள உலோகச் சுருள் இருக்கு, அதனால எலிக்கும் மிதிக்கும் மூணுமே தாங்கும். ஆனா கறுப்புல இருக்கிறது சாதா இரும்பு, உப்புக் காத்துல துருப்பிடிச்சிரும். ஆரஞ்சுல எஃகு நல்லது, தோல் வெயிலுக்கு ஆகாது, அது கட்டடத்துக்குள்ள போடறது. நீலம்தான் துருப்பிடிக்காத எஃகு, வெயில் தாங்குற தோல். கடலோரம்னா நீலத்தை எடுங்க. கூர்மையா மடக்காம இருந்தா போதும்."

வேலை முடிந்துவிடுமோ என்ற பயம் எல்லார் முகத்திலும் தெரிந்தது. காலையில் ஆரம்பித்த கூட்டம்; மத்தியானத்துக்குச் சுட்ட பன்றி சொல்லியிருந்தார்கள்.

அட்டர்னிதான் காப்பாற்றினார். "இது விற்பனையாளர் சொல்றது. நாம சுதந்திரமா சோதிக்கணும்."

முதலில் எலிச் சோதனை. துறைமுக எலிகளுக்குச் சான்றிதழ் இல்லாததால் ஒரு கல்லூரியிலிருந்து வெள்ளை எலிகளை வரவழைத்திருந்தார்கள். தட்டில் தானியம் தின்று வளர்ந்த சாதுக்கள். மூன்று கேபிளையும் கூண்டுக்குள் போட்டதும் அவை ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கின. ஒரு உறுப்பினர் தெரியாமல் இலையில் கட்டிய ஒட்டரிசிப் பலகாரத்தைக் கூண்டருகே வைத்தார். எலிகள் எழுந்து அதை இலையோடு தின்றுவிட்டன. கேபிள் பலகாரத்தைவிடக் கடினமானது என்று குறிப்பு எழுதப்பட்டது.

அடுத்தது மிதிச் சோதனை. யார் மிதிப்பது என்பதில் பதவி வரிசை குறுக்கிட்டது. டைரக்டர் முதலில் மிதிக்க வேண்டும். ஆனால் அவர் காலால் அரசுச் சொத்தை மிதிப்பது புகைப்படத்தில் நன்றாக இருக்காது. அவர் காலணியைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு, ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு, கேபிளின்மேல் மெல்ல நின்றார். "கூசுது," என்றார். அதுவும் குறிப்பில் ஏறியது.

உப்புச் சோதனைக்குக் கடல் தண்ணீர் கொண்டுவர மறந்துவிட்டார்கள். கடல், ஹோட்டல் சன்னலுக்குக் கீழேதான் இருந்தது. சமையலறையிலிருந்து சூப் வரவழைத்தார்கள்.

டியோடுலோ கையைத் தூக்கினார். "சார், நம்ம பெட்டிக்குப் பொருந்துற முனை எதுல இருக்குன்னு ஒருக்கா பாத்துரலாமா?"

"முனை கடைசில," என்றார் டைரக்டர். "கேபிளுக்குக் கடைசிலதானே முனை இருக்கு?" இதற்கு மண்டபம் குலுங்கியது. அவரே தன் நகைச்சுவையை இரண்டு முறை சொல்லிக் காட்டினார்.

பன்றியும் பன்சித் நூடுல்ஸும் முடிந்தபின் நிறம் பற்றிய விவாதம் தொடங்கியது. கறுப்பு துக்கம். ஆரஞ்சு, போன ஆளுநரின் கட்சி நிறம் என்று ஒருவர் ஞாபகப்படுத்தியதும் குழு முழுவதும் தன் சட்டையைக் குனிந்து பார்த்து வெளிறிப்போனது. இப்போதைய ஆளுநரின் நிறம் நீலம். சில உறுப்பினர்கள் அங்கேயே சட்டையைக் கழற்றி பனியனோடு உட்கார்ந்தார்கள். நீலக் கேபிள் ஒருமனதாகத் தேர்வானது. சிக்ஸ்டோ மெதுவாக டியோடுலோவிடம், "அதுக்கு உங்க முனைதான் இருக்கு. வாயைத் தொறக்காதீங்க, மாத்திருவாங்க," என்றார்.

இப்படியாகச் சரியான கேபிள் எங்கள் தீவுக்கு வந்து சேர்ந்தது. ஒரு சிறிய படைக்கலம் மாதிரி, மெத்தை வைத்த மரப்பெட்டியில் வந்தது. டியோடுலோ தன் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவர் முனையில் இரும்புப் பெட்டியின் மூடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பசிலிசா அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டுக் கூட வந்து நின்றாள். அவள் தம்பி ஒனோஃப்ரே தூரக்கடலுக்குப் போகிறவன். அவனும் வந்து, "இனிமே அக்கா நிம்மதியா தூங்கும்," என்றான்.

டைரக்டர் நாடாவை வெட்டினார். அப்புறம் அட்டர்னி மேடையேறி உத்தரவாதப் பத்திரத்தைப் படித்தார்.

"கவனமா கேளுங்க. தண்ணி, வெயில், பிராணி, இதுகளால வர்ற சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை. அப்படின்னா என்ன அர்த்தம்? இதைக் கொண்டுபோய் தண்ணி, வெயில், பிராணி இருக்கிற இடத்துல போட்டா, அரசாங்கச் சொத்தைத் தெரிஞ்சே ஆபத்துல தள்றோம்."

"ஆனா மேடம்," என்றார் டியோடுலோ, "அதுக்காகத்தானே இதை வாங்கினோம்?"

"வாங்கினது அதுக்காக. பாதுகாக்கணுமே, அது வேற."

டைரக்டர் அவர் தோளில் கை வைத்தார். "தம்பி, இவ்வளவு கஷ்டப்பட்டுத் தேர்ந்தெடுத்த பொருளை எலிகிட்ட குடுக்க எனக்கு மனசு வரலப்பா."

துறைமுகத்திலுள்ள வாரியக் கிளை அலுவலகத்தின் வரவேற்பறையில் குளிரூட்டியின் நேர் கீழே கண்ணாடிப் பேழை வைத்து, விளக்குப் போட்டு, நீலக் கேபிளைச் சுருட்டி வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள்.

சுவர் முனையில் கடைசி மஞ்சள் கேபிளை அந்த வாரமே எலி கடித்தது. மருந்துக்குத் தப்பிய எலியாக இருக்க வேண்டும். டியோடுலோ எழுதினார், தொலைபேசியில் பேசினார், கிளை அலுவலகத்தின் வாசலிலேயே உட்கார்ந்து பார்த்தார். மஞ்சளில் இன்னொன்று கேட்டார். கவசக் கேபிள் வந்துவிட்டதால் மஞ்சள் கேபிள் வாங்குவது நிறுத்தப்பட்டுவிட்டது என்றார்கள்.

புயல் ஒரு மத்தியானம் வந்தது. செய்தி வந்ததும் டியோடுலோ பொத்தானை அழுத்தினார். சன்னல் வழியே பார்த்தார். விளக்கு சுழலவில்லை. மறுபடியும் அழுத்தினார். ஊதாது என்று தெரிந்தும் அழுத்தினார். பிறகு கட்டுப்பாட்டு அறையின் சிவப்புத் திரைச்சீலையைப் பிய்த்துக்கொண்டு மேட்டிலிருந்து கீழே ஓடினார். சர்ச்சுக்காரர்களிடம் மணியை அடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே சுவர் முனை வரை ஓடி, கம்பத்தில் ஏறி நின்று, அந்தச் சிவப்புத் துணியை வீசினார். கரைக்குப் பக்கத்திலிருந்த படகுகள் பார்த்துத் திரும்பின. தூரத்திலிருந்தவர்களுக்குத் துணியும் தெரியாது, மணியும் கேட்காது. அலை சுவரைத் தாண்டி அவரை இழுக்கிற வரைக்கும் வீசினார். மீன் கூடைக்காரர்கள்தான் கயிறு போட்டு அவரைப் பிடித்து இழுத்தார்கள்.

ஒனோஃப்ரேவின் படகு சிதறிப் போனது. அவனை மறுநாள் மத்தியானம் ஒரு மூங்கில் மிதவையைக் கட்டிப் பிடித்தபடி கண்டெடுத்தார்கள். உயிர் இருந்தது. கத்திக் கத்தி அவன் தொண்டை போய்விட்டது. அவனோடு போன பழைய கூட்டாளி மாசியானோ கிடைக்கவேயில்லை. ஒனோஃப்ரேவிடம் மாசியானோவின் மனைவி வந்து, கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டாள். அவனால் காற்றைத் தவிர எதையும் வெளியே கொண்டுவர முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தான்.

வாரியம் புயலுக்குப் பிந்தைய ஆய்வுக் கூட்டத்தை வரவேற்பறையிலேயே நடத்தியது. ஜெபம், தேசிய கீதம், வாரிய கீதம். மூன்றாவது சரணத்தை அன்றும் விடவில்லை. டைரக்டருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இந்தக் கேபிளைப் பாருங்க. எவ்வளவு பெரிய புயல்! கூரை பறந்துச்சு, படகு உடைஞ்சுச்சு. இதுல ஒரு கீறல் உண்டா? ஒரு கீறல்? தேர்வுக் குழுவோட தீர்க்கதரிசனத்துக்கு இதைவிட சாட்சி வேணுமா?"

தேர்வுக் குழுவுக்குப் பாராட்டுப் பட்டயம் கொடுத்தார்கள். புயல் நேரத்தில் கட்டுப்பாட்டு அறையை விட்டு வெளியேறியதற்கும், அரசாங்கத் திரைச்சீலையைச் சேதப்படுத்தியதற்கும் டியோடுலோவிடம் விளக்கம் கேட்டார்கள். கடைசி வரிசையில் மாசியானோவின் மனைவி கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ அவள் கையிலும் ஒரு நீலக்கொடி கொடுத்திருந்தார்கள்.

டியோடுலோ விளக்கம் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எதுக்கு அதைப் பிசைஞ்சுகிட்டே இருக்கீங்க?" என்றாள் பசிலிசா.

"அந்தக் கேபிளை எடுத்துட்டா திருட்டும்பாங்க."

"ஆமா, திருட்டும்பாங்க. திருடன் பொண்டாட்டின்னு என்னைச் சொல்லட்டும், கருவாட்டுக் கூடையாலயே அடிக்கிறேன். ஆனா அந்த மாசியானோ பொண்டாட்டி இனி நம்ம வாசல் வழியா நடந்து போறப்போ அவ மூஞ்சியை நான் எப்படிப் பாக்க?"

மறுநாள் காலை பத்து மணிக்கு, எல்லாரும் பார்க்க, டியோடுலோ கிளை அலுவலகத்துக்குள் போனார். பேழைக்குப் பூட்டு இல்லை. பூட்டு வாங்க ஒரு குழு அமைத்திருந்தார்கள். மூடியைத் தூக்கி நீலக் கேபிளை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

காவலாளி எழுந்தான். "எங்க கொண்டு போறீங்க அண்ணே?"

"வெயில்ல போட."

காவலாளி போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

சுவர் முனையில் டியோடுலோ முனைகளைத் துடைத்து, ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றைக் கம்பத்திலும் செருகினார். டிக்கென்று சத்தம் கேட்டது. பெட்டிக்குள் பச்சை விளக்கு எரிந்தது. சிக்ஸ்டோ சொன்னபடி மடங்காமல் வளைத்துக் கட்டினார். மேட்டுக்குப் போய் பொத்தானை அழுத்தினார். சங்கு ஊர் முழுக்க ஊதியது. மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அடுத்த படகிலேயே டைரக்டரும் அட்டர்னியும் வந்து இறங்கினார்கள். டைரக்டர் சுவர் முனைக்கு ஓடி, குனிந்து, கேபிளைப் பிடுங்கப் போனார்.

"தொடாதீங்க சார்!" என்று அட்டர்னி அலறினார். "அது ஆதாரம்!"

"என்னோட கேபிள் அம்மா அது! வெயில்ல கிடக்கு!"

"திருட்டுப் பொருள் சார். எந்த நிலையில பிடிபட்டுச்சோ அதே நிலையில இருக்கணும். விசாரணை முடியற வரைக்கும் யாரும் கழட்டக் கூடாது."

"ஊதுதே?"

"ஊதுற நிலையில பிடிபட்டிருக்கு. ஊதிக்கிட்டேதான் இருக்கணும்."

சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டினார்கள். காவலுக்கு ஆள் போட்டார்கள். யாரும் அதற்கப்புறம் கேபிளை மிதிக்கவில்லை. ஆதாரத்தை எலி கடித்தால் தன் வேலை போய்விடும் என்று காவலாளி ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டான். குற்றவாளி ஓடிவிடாமலிருக்க, அவர் கட்டுப்பாட்டு அறையிலேயே இருக்க வேண்டுமென்று உத்தரவானது. டியோடுலோ முன்பும் அங்கேதான் இருந்தார்.

விசாரணைக் குழு அமைத்தார்கள், தலைவர் டைரக்டர்தான். புது டீ-சட்டை, நீலம். முதல் அமர்வில் 'எடுத்தல்' என்றால் என்ன என்று விவாதித்தார்கள். அடுத்ததில் வாரிய கீதத்தின் மூன்றாவது சரணத்தை மாற்றலாமா என்று விவாதித்து ஒத்திவைத்தார்கள். பசிலிசா ஒவ்வொரு அமர்வுக்கும் சுடச்சுட பன்சித் சமைத்துக் கொண்டுபோனாள். வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் எந்த முடிவும் எடுக்கிற நிலையில் இருக்கவில்லை.

மழைக்காலத்தின் கடைசியில் தீர்ப்பு சொல்லப் போகிறோம் என்று செய்தி வந்தது. குழு மொத்தமும் வாரியத்தின் வெள்ளைப் படகில் தலைநகரிலிருந்து கிளம்பியது. பாதிக் கடலில் வந்துகொண்டிருந்தபோது மேட்டில் டியோடுலோவுக்குச் செய்தி வந்தது, வடகிழக்கிலிருந்து காற்று. அவர் சன்னல் வழியே அந்த வெள்ளைப் படகைப் பார்த்தார். பிறகு அழுத்தினார்.

சங்கு ஊதியதும் படகோட்டி டைரக்டரின் கட்டளைக்குக் காத்திருக்காமல் எங்கள் துறைமுகத்துக்கு முழு வேகத்தில் விட்டான். அவர்கள் சுவருக்குள் நுழைந்ததும் வெளியே கடல் எழுந்து நின்றது. நனைந்து, நடுங்கி, ஒரு காலணி இல்லாமல் டைரக்டர் படியேறி மேட்டுக்கு வந்தார். பின்னால் மூக்குக் கண்ணாடி இல்லாத அட்டர்னி. டியோடுலோ இருவருக்கும் துண்டு கொடுத்தார்.

டைரக்டர் தலையைத் துடைத்தார். கீழே மீனவர்கள் ஒவ்வொரு படகாகக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவர் உதடு துடித்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று டியோடுலோ நினைத்தார்.

"ஆதாரத்தை உபயோகிக்க," என்றார் டைரக்டர், "உனக்கு யார் அனுமதி குடுத்தது?"

"யாரும் குடுக்கல சார். அதையும் வழக்குல சேத்துக்குங்க."

சேர்த்துக்கொண்டார்கள். புதுக் குற்றச்சாட்டு என்பதால் விசாரணையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.